ஐந்தாம் நாள் கருவா, ஆறாம் நாள் கருவா: உறைநிலைக் கரு மாற்றத்தில் எதை முதலில் வைப்பது?

கேள்வி: மாலைத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. இக்ஸி முறையில் (கருமுட்டைக்குள் விந்தணுவை நேரடியாகச் செலுத்தும் முறை) உருவான கருக்களில் இரண்டு மட்டுமே உறைநிலையில் சேமிக்கப்பட்டுள்ளன. ஒன்று கருவுற்றதிலிருந்து ஐந்தாம் நாளில் உறைய வைக்கப்பட்டது. அதன் தரம் 4பிபி. மற்றொன்று ஆறாம் நாளில் உறைய வைக்கப்பட்டது. அதன் தரம் 5ஏஏ. இரண்டுக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யப்படவில்லை. வரும் சுழற்சியில் ஒரே ஒரு கருவை வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. எதை முதலில் வைக்கலாம் என்று கேட்டபோது, "இரண்டுமே நல்ல கருக்கள்தாம், நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள்" என்று எங்கள் மருத்துவர் பொறுப்பை எங்களிடமும் பகிர்ந்துவிட்டார்.

யோசிக்கத் தொடங்கியதிலிருந்துதான் குழப்பம் கூடியிருக்கிறது. ஆறாம் நாள் கருவின் வெற்றி வாய்ப்பு ஐந்தாம் நாள் கருவில் ஏறத்தாழப் பாதிதான் என்று ஓரிடத்தில் படித்தேன். உறைய வைத்து மாற்றும்போது இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று இன்னோரிடத்தில் படித்தேன். இரண்டுமே ஆய்வுகளை மேற்கோள் காட்டித்தான் எழுதப்பட்டிருந்தன. நாளைப் பார்ப்பதா, தரத்தைப் பார்ப்பதா என்பது என் முதல் கேள்வி. 'ஏஏ' என்று எழுதப்பட்ட கருவை ஒதுக்கி வைத்துவிட்டு 'பிபி'யை எடுக்க மனம் வரவில்லை. அதே சமயம், ஒரு நாள் தாமதமாக வளர்ந்த கருவில் ஏதோ குறை இருக்குமோ என்ற எண்ணமும் போகவில்லை.

இரண்டாவது கேள்வி, கருவை ஏற்கக் கருப்பையைத் தயார் செய்யும் ப்ரோஜெஸ்டிரான் ஹார்மோன் பற்றியது. ஆறாம் நாள் கருவை வைப்பதாக இருந்தால், அதற்கு ஒரு நாள் கூடுதலாக ப்ரோஜெஸ்டிரான் எடுத்த பிறகுதான் வைக்க வேண்டுமா? என் அட்டவணையில் எந்தக் கருவாக இருந்தாலும் ஒரே நாள்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. அது தவறுதலாக எழுதப்பட்டதா, வழக்கமே அதுதானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஆய்வகத்தில் பணிபுரிபவர்களோ மருத்துவர்களோ இங்கே இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன்.

நிலாமுற்றம்:

தோழி, நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. எனக்கு வைக்கப்பட்டது ஆறாம் நாள் கரு. மகள் இப்போது ஓடியாடித் திரிகிறாள். ஆறாம் நாள் என்ற இரண்டு சொற்களைப் பார்த்தவுடனே நம்பிக்கையை இழந்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து எதை முதலில் வைப்பது என்று நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. ஐந்தாம் நாள் கரு தங்காமல் போன தோழிகளும் எனக்கு உண்டு, தங்கியவர்களும் உண்டு.

பலரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கரு மாற்றத்துக்குச் சற்று முன்னர் திரையில் என் கருவைக் காட்டினார்கள். உறைய வைத்த அன்று எடுத்த படத்தில் அது முழு வட்டமாக, உள்ளே நீர் நிறைந்து, ஓரத்தில் ஒரு கொத்துச் செல்களுடன் அழகாக இருந்தது. அன்று திரையில் தெரிந்ததோ காற்றிறங்கிய பலூன் போலச் சுருங்கி, கருவைச் சுற்றியுள்ள மெல்லிய ஓட்டின் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. கரு பாழாகிவிட்டது என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். உருக்கிய உடனே அப்படித்தான் இருக்கும், சில மணி நேரத்தில் மறுபடி விரியத் தொடங்கும், இப்போதே ஓரங்கள் விரிய ஆரம்பித்துவிட்டன என்று அங்கிருந்த கருவியல் நிபுணர் திரையில் விரலை வைத்துக் காட்டியபோதுதான் மூச்சு வந்தது. உங்களுக்கும் திரையில் காட்டினால் பயந்துவிடாதீர்கள்.

நாளா, தரமா என்ற கேள்விக்கு விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

ஆய்வகவாசி:

நான் கருவியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், 'ஐந்தாம் நாள்', 'ஆறாம் நாள்' என்று நாங்கள் எழுதும் முத்திரை எப்படி விழுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இக்ஸி செய்த நேரத்தைத் தொடக்கமாகக் கொண்டு நாங்கள் மணிக்கணக்கில்தான் பார்க்கிறோம். சுமார் 17 மணி நேரத்தில் கருவுற்றதற்கு அடையாளமான இரண்டு உட்கருக்கள் தெரிய வேண்டும். மூன்றாம் நாள் காலையில், அதாவது 68 மணி நேர அளவில், எட்டுச் செல்களை எதிர்பார்ப்போம். நான்காம் நாளில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மொருலாவாகும். ஐந்தாம் நாள் சோதனை 116 மணி நேரத்தை ஒட்டி நடக்கும். அப்போது உள்ளே நீர்க்குழி உருவாகி, குழந்தையாக வளரப்போகும் உட்செல் திரளும், நஞ்சுக்கொடியாக வளரப்போகும் வெளிப்படலமும் தனித்தனியாகத் தெரியும் நிலையை எட்டியிருந்தால் அது பிளாஸ்டோசிஸ்ட். போதிய அளவு விரிந்து, இந்த இரண்டு பகுதிகளையும் தரம் பிரித்துச் சொல்ல முடிந்தால் அன்றே உறைய வைப்போம். முடியாவிட்டால் மறுநாள் காலை வரை வளர விடுவோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐந்தாம் நாள் காலையில் பார்க்கும்போது ஒரு கருவில் நீர்க்குழி பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கரு அன்று இரவு ஒன்பது மணிக்கு முழுமையாக விரிந்திருக்கக்கூடும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் யாரும் உறைய வைத்துக்கொண்டிருக்க மாட்டோம். மறுநாள் காலையில் அது 5ஏஏ ஆக நன்றாக விரிந்து, ஓட்டை விட்டு வெளிவரத் தொடங்கியிருக்கும். தாளில் விழும் முத்திரை 'ஆறாம் நாள்'. ஆகவே ஆறாம் நாள் கருக்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. நள்ளிரவுக்கு முன்பே தயாராகிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தவையும் அவற்றில் உண்டு. ஆறாம் நாள் மாலையில்தான் தட்டுத்தடுமாறி அந்த நிலையை எட்டியவையும் உண்டு. உங்கள் கரு ஐந்தாம் நாள் காலையில் எந்த நிலையில் இருந்தது என்று ஆய்வகக் குறிப்பில் நிச்சயம் இருக்கும். கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாளிலேயே தொடக்க நிலை பிளாஸ்டோசிஸ்ட் என்று பதிவாகியிருந்தால், அது வெறும் 'ஆறாம் நாள்' என்ற சொல்லைவிட நல்ல செய்தி.

தரக் குறியீட்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இது 1999ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் இருக்கும் கார்ட்னர் முறை. முதலில் வரும் எண் 1 முதல் 6 வரை கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைச் சொல்லும். 4 என்றால் நன்கு விரிந்து ஓடு மெலிந்திருக்கிறது, 5 என்றால் ஓட்டை விட்டு வெளியேறத் தொடங்கியிருக்கிறது. முதல் எழுத்து உட்செல் திரளுக்கு, இரண்டாம் எழுத்து வெளிப்படலத்துக்கு; 'ஏ' சிறந்தது, 'பி' அதற்கு அடுத்தது. எண்ணைப் பார்த்து யாரும் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் 4 என்பது 5 ஆகிவிடும், ஒரு நாள் கூடுதலாக வளர்ந்த கருவுக்கு அது இயல்பாகவே கூடியிருக்கும். எழுத்துகளில்தான் பொருள் அதிகம். அதிலும் வெளிப்படலத்தின் தரம் குழந்தைப் பேற்றுடன் வலுவாகத் தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கருப்பைச் சுவரில் முதலில் ஒட்டிப் பிடிப்பது அந்தப் படலம்தான் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆனால் எழுத்தைப் போடுவது மனிதக் கண். ஒரு நிபுணர் 'ஏ' என்று எழுதுவதை இன்னொருவர் 'பி' என்று எழுதுவது எங்கள் துறையில் நடக்காத ஒன்றல்ல.

இனி, நீங்கள் படித்த முரணான செய்திகள். பாதிதான் என்று காட்டிய பழைய எண்கள் பெரும்பாலும் உறைய வைக்காமல் அதே சுழற்சியில் மாற்றிய கருக்களைப் பற்றியவை. கருமுட்டை எடுத்த சுழற்சியில், தூண்டப்பட்ட சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோன்களால் கருப்பையின் உட்சவ்வு வேகமாக முன்னேறிவிடும். ஆறாம் நாள் கரு வந்து சேரும்போது, ஏற்கும் காலம் கடந்துகொண்டிருக்கும். உறைய வைத்தால் இந்தச் சிக்கல் நீங்கிவிடுகிறது. உட்சவ்வின் கடிகாரத்தைக் கருவின் நிலைக்கு ஏற்பப் புதிதாகத் தொடங்கலாம். உறைநிலைக் கருக்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது), ஒரே வளர்ச்சி நிலையில் உறைய வைக்கப்பட்ட ஐந்தாம், ஆறாம் நாள் கருக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. 2019ஆம் ஆண்டில் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றோ, உறைநிலை மாற்றங்களிலும் ஐந்தாம் நாள் கருக்களுக்கே கருத்தரிப்பும் குழந்தைப் பேறும் கூடுதல் என்று கண்டது. நீங்கள் படித்த இரண்டும் பொய்யல்ல; பிந்தையதில் தரவு அதிகம், ஆகவே எங்களில் பெரும்பாலோர் அதன் பக்கம் நிற்கிறோம்.

காரணம் உட்சவ்வில் இல்லை, கருவில் இருக்கிறது. மெதுவாக வளர்ந்த கருக்களில் குரோமோசோம் பிழைகளின் விகிதம் சற்றுக் கூடுதல். குரோமோசோம் சரியாக இருக்கும் கருக்களை மட்டும் ஒப்பிட்டாலும் ஐந்தாம் நாளுக்குச் சிறிது முன்னிலை பல ஆய்வுகளில் மிஞ்சுகிறது; செல்லுக்குள் ஆற்றல் உற்பத்தி போன்றவற்றில் வேறுபாடு இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஏழாம் நாள் வரை காத்திருந்து உறைய வைத்த கருக்களிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவற்றின் வாய்ப்பு இன்னும் குறைவு, ஆனால் பூஜ்ஜியம் அல்ல.

உங்கள் இரண்டு கருக்களையும் என் மேசையில் வைத்தால் எதை எடுப்பேன்? 5ஏஏ ஆறாம் நாள், 4பிபி ஐந்தாம் நாள் என்ற இணை எங்களுக்குள்ளேயே அடிக்கடி வாக்குவாதத்தைக் கிளப்புவது. ஒரே தரமாக இருந்தால் தயங்காமல் ஐந்தாம் நாளை எடுப்பேன். இரண்டு எழுத்துகளிலும் ஒரு படி வேறுபாடு இருக்கும்போது, இடைவெளி ஏறத்தாழ ஈடாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் காலையிலேயே நீர்க்குழி தென்பட்டிருந்தால் 5ஏஏயை முதலில் எடுப்பேன். அன்று இன்னும் மொருலாவாகவே இருந்திருந்தால் 4பிபியை எடுப்பேன். என் பக்கத்து மேசைக்காரர் எப்போதும் நாளைத்தான் பார்ப்பார். அவர் சொல்வதும் தவறென்று சொல்ல மாட்டேன்.

எண்ணிப்பார்:

மேலே ஆய்வகவாசி எழுதியது தெளிவாக இருக்கிறது. நான் புள்ளியியல் படித்தவன். எங்கள் வீட்டிலும் இதே நிலை வந்ததால் ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டிப் படித்தேன். இரண்டு விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, ஐந்தாம் நாள் கருவையும் ஆறாம் நாள் கருவையும் ஒப்பிடும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டவை. யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இவருக்கு ஐந்தாம் நாள், அவருக்கு ஆறாம் நாள் என்று பிரித்துக் கொடுக்கவில்லை. வழக்கமாக நல்ல கருவைத்தான் முதலில் வைப்பார்கள். ஆகவே ஆறாம் நாள் கரு வைக்கப்பட்ட பெண்களில் பலர், ஐந்தாம் நாள் கரு எதுவும் கிடைக்காதவர்களாகவோ, அது வைத்தும் பலன் கிட்டாதவர்களாகவோ இருப்பார்கள். இரண்டு குழுக்களும் தொடக்கத்திலேயே சமமல்ல. வயது, தரம் முதலியவற்றைக் கணக்கில் கொண்டு சரிசெய்த பிறகும் வேறுபாடு மிஞ்சுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. ஆறாம் நாள் கருவைத் தவிர வேறெதுவும் இல்லாதவர்களின் சராசரியை அப்படியே எடுத்து உங்கள் 5ஏஏயின் மேல் ஒட்டுவது சரியான கணக்கு ஆகாது.

இரண்டாவது விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. முதல் கரு தங்காவிட்டால் இரண்டாவதையும் எப்படியும் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், எந்த வரிசையில் வைத்தாலும் இரண்டும் முடிந்த பின் குழந்தை கிடைக்கும் மொத்த வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒன்றின் வாய்ப்பு 45 சதவீதம், மற்றொன்றின் வாய்ப்பு 40 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள் (இவை நான் விளக்கத்துக்காகப் போட்ட எண்கள், எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல). இரண்டும் தங்காமல் போகும் வாய்ப்பு 0.55ஐ 0.60ஆல் பெருக்கினால் வரும் 33 சதவீதம். வரிசையை மாற்றிப் பெருக்கினாலும் அதே 33தான். வரிசையால் மாறுவது இரண்டு மட்டும்: எவ்வளவு விரைவில் பலன் கிடைக்கிறது என்பதும், முதலிலேயே பலன் கிடைத்துவிட்டால் இரண்டாவது குழந்தைக்காக எந்தக் கரு மிஞ்சியிருக்கும் என்பதும். தவறான கருவை முதலில் எடுத்து வாய்ப்பையே கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம்தான் உங்கள் கேள்வியில் எனக்குத் தெரிகிறது. அந்த அச்சத்துக்குக் கணக்கில் இடமில்லை.

இன்னொன்று: இந்தக் கருக்களின் வயது, கருமுட்டை எடுத்த நாளில் உங்களுக்கு இருந்த வயதோடு நின்றுவிட்டது. இரண்டாவதை மூன்று ஆண்டுகள் கழித்து வைத்தாலும் அந்த முட்டையின் வயது கூடாது. 1992ஆம் ஆண்டில் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரட்டையர் பிறந்தனர். ஆகவே எதை மிச்சம் வைப்பது என்பதிலும் அவசரமோ பதற்றமோ தேவையில்லை.

வெள்ளங்கி:

நான் குழந்தைப்பேறு சிகிச்சை அளிக்கும் மருத்துவர். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சகோதரி, உங்கள் அட்டவணையில் தவறு இல்லை. ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட்டையும் ஆறாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட்டையும் ப்ரோஜெஸ்டிரான் தொடங்கி ஐந்து முழு நாட்கள் கழித்து, அதாவது ஆறாம் நாளில் வைப்பதே பெரும்பாலான மையங்களின் வழக்கம்.

காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள். கருப்பையின் உட்சவ்வுக்குக் கரு எத்தனை நாள் ஆய்வகத்தில் இருந்தது என்பது தெரியாது. கரு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குத்தான் அது ஈடுகொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் ஆனதும், ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் ஆனதும் உறைய வைக்கும் தருணத்தில் ஒரே நிலைதான். உருக்கிய பிறகு இரண்டும் அந்த நிலையிலிருந்தே தொடர்கின்றன. ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவு ப்ரோஜெஸ்டிரான். ஆறாம் நாள் கருவுக்கு ஒரு நாள் கூட்டிக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஆதரவாகச் சில ஆய்வுகளும் உண்டு, பயனில்லை என்று சொல்பவையும் உண்டு. முதல் முயற்சியிலேயே வழக்கத்தை மாற்றும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல என்பது என் கருத்து.

நாளைவிட நான் அதிகம் கவலைப்படுவது மணியைப் பற்றித்தான். ஹார்மோன் மாத்திரை கொடுத்துத் தயார் செய்யும் சுழற்சியில், ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் கட்டம் நெகிழ்வானது. உட்சவ்வு 7 மில்லிமீட்டரை எட்டாவிட்டால் இன்னும் சில நாட்கள் நீட்டலாம், கேடு எதுவுமில்லை. முதல் ப்ரோஜெஸ்டிரான் உள்ளே போன நேரத்திலிருந்து அந்த நெகிழ்வு போய்விடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 120 மணி நேரம். 'திங்கட்கிழமை தொடங்குங்கள்' என்று சொன்னால், சிலர் காலையில் தொடங்குகிறார்கள், சிலர் படுக்கப்போகும் முன் தொடங்குகிறார்கள். அரை நாள் அங்கேயே போய்விடுகிறது. எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை மருந்து விடுபட்டுவிட்டால் மறைக்காமல் அன்றே சொல்லுங்கள். மாற்றத்துக்கு முன் இரத்தத்தில் ப்ரோஜெஸ்டிரான் அளவைப் பார்ப்பதும் பயனுள்ளது. பிறப்புறுப்பு வழியாக மட்டும் மருந்து எடுப்பவர்களிடம் அந்த அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் கருத்தரிப்பு குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி வழியாகவோ வேறு வழியிலோ கூடுதலாகக் கொடுத்து அதைச் சரிசெய்ய முடிகிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து உங்கள் காதில் விழப்போவது 'இ.ஆர்.ஏ.' என்ற பரிசோதனை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். உட்சவ்விலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஏற்கும் காலம் எந்த மணியில் திறக்கிறது என்று மரபணுச் செயல்பாட்டை வைத்துச் சொல்வதாகக் கூறும் பரிசோதனை அது. கேட்பதற்கு மிகவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் குரோமோசோம் சரியாக இருந்த உறைநிலைக் கருக்களைக் கொண்டு, சீட்டுக் குலுக்கும் முறையிலேயே நடத்தப்பட்டு 2022ஆம் ஆண்டு ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பரிசோதனை சொன்ன நேரத்தில் கரு வைக்கப்பட்டவர்களில் 58.5 சதவீதத்தினருக்கும், வழக்கமான நேரத்தில் வைக்கப்பட்டவர்களில் 61.9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. பயன் இல்லை என்பதே முடிவு. முதல் மாற்றத்துக்கு முன் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்றால், இயற்கைச் சுழற்சியில் மாற்றம் செய்ய வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். முட்டை வெளிப்பட்டு ஐந்து நாட்கள் கழித்துப் பிளாஸ்டோசிஸ்ட்டை வைப்பார்கள். ஸ்கேனுக்காக அடிக்கடி வர வேண்டியிருக்கும், நாளை முன்கூட்டியே குறிக்க முடியாது; மருத்துவமனைக்கும் அது வசதிக்குறைவு என்பதால் பலர் தாமாக முன்வந்து சொல்வதில்லை. கருத்தரிப்பு விகிதத்தில் இரு முறைகளும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முழுக்க மாத்திரையால் நடத்தும் சுழற்சியில் முட்டை வெளிப்படுவதில்லை, ஆகவே அது சினைப்பையில் விட்டுச்செல்லும், ஹார்மோன் சுரக்கும் மஞ்சள் உடலும் உருவாவதில்லை. அப்படிக் கருவுற்ற தாய்மார்களுக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தச் சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன என்று தெரியவந்திருப்பதால், தகுதியுள்ளவர்களுக்கு நான் இயற்கைச் சுழற்சியையே முதலில் சொல்கிறேன்.

கரு வரிசையைப் பொறுத்தவரை ஆய்வகவாசி சொன்ன வழியோடு உடன்படுகிறேன். ஒரே ஒரு கருவை வைப்பது என்ற முடிவில் மட்டும் உறுதியாக இருங்கள். ஆறாம் நாள் கருவின் வாய்ப்பு குறைவு என்று கேள்விப்பட்டவுடன் 'இரண்டையும் சேர்த்து வைத்துவிடுங்கள்' என்று கேட்பவர்கள் அதிகம். இரண்டும் தங்கினால் குறைமாதப் பிரசவம் முதல் தாயின் இரத்த அழுத்தம் வரை எல்லா ஆபத்துகளும் கூடும்.

மாலைத்தென்றல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆய்வகவாசி சொன்னபடி குறிப்பைக் கேட்டேன். ஆறாம் நாள் கருவுக்கு ஐந்தாம் நாள் காலையில் 'தொடக்க நிலை பிளாஸ்டோசிஸ்ட், நீர்க்குழி பாதிக்கும் குறைவு' என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 5ஏஏயை முதலில் வைப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம், மருத்துவரும் ஒப்புக்கொண்டார். இயற்கைச் சுழற்சி பற்றியும் கேட்டோம். எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதால் செய்யலாம் என்றும், முட்டை வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே நாள் குறிக்கலாம் என்றும் சொன்னார்.

இன்னும் இரண்டு சிறு ஐயங்கள். உருக்கும்போது 5ஏஏ பிழைக்காவிட்டால் அன்றைய மாற்றம் ரத்தாகிவிடுமா? கரு தங்கினால், வாரக் கணக்கை ஐந்தாம் நாள் என்று வைத்து எண்ணுவதா, ஆறாம் நாள் என்று வைத்து எண்ணுவதா?

ஆய்வகவாசி:

ரத்தாகாது. இப்போது பயன்படுத்தும் அதிவேக உறைதல் முறையில் பிளாஸ்டோசிஸ்ட்டுகள் உயிர்பிழைக்கும் விகிதம் 95 சதவீதத்தை ஒட்டியது. அப்படியும் ஒன்று பிழைக்காமல் போனால், அதே காலையில் மற்றதை உருக்க நேரம் இருக்கும். உருக்கும் வேலை சில நிமிடங்கள்தான், பின்னர் விரிவதற்குச் சில மணி நேரம் விட்டால் போதும். ஆனால் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இரண்டாவது கருவை நாங்கள் தொட மாட்டோம். ஒப்புதல் படிவத்தில் அதற்கென ஒரு வரி இருக்கும். முன்கூட்டியே படித்துக் கையெழுத்திடுங்கள். மாற்றத்தன்று நீங்கள் வழியில் இருக்கும்போது கைப்பேசியில் அழைத்துக் கேட்கும் நிலை வேண்டாம். 5 என்ற நிலையில் இருக்கும் கரு ஓட்டை விட்டுப் பாதி வெளிவந்திருக்கும் என்பதால், திரையில் அது எட்டு வடிவில் தெரியக்கூடும். அது இயல்புதான்.

வெள்ளங்கி:

கணக்கு எளிது. 266லிருந்து கருவின் நாளைக் கழித்து, மாற்றம் நடந்த தேதியோடு கூட்டினால் பிரசவத் தேதி வரும். ஐந்தாம் நாள் கருவென்றால் 261 நாட்கள், ஆறாம் நாள் கருவென்றால் 260. மாற்றம் நடக்கும் அன்றே, ஐந்தாம் நாள் கருவுக்குக் கர்ப்பம் 2 வாரம் 5 நாள் என்றும் ஆறாம் நாள் கருவுக்கு 2 வாரம் 6 நாள் என்றும் கொள்வோம். மேலே நான் சொன்னபடி இரண்டும் ஒரே நிலையிலிருந்து தொடர்பவை என்பதால், ஆறாம் நாள் கருவையும் ஐந்தாம் நாள் என்றே வைத்து எண்ணும் மருத்துவர்களும் உண்டு. ஒரு நாள் வேறுபாட்டால் சிகிச்சையில் எதுவும் மாறாது. ஸ்கேன் அறிக்கையில் ஒரு நாள் முன்பின்னாக இருந்தால் கரு மெதுவாக வளர்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கர்ப்பம் தங்கியதா என்று அறிய எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனையை மாற்றத்திலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் எடுக்கச் சொல்வார்கள். முதல் எண் பெரிதா சிறிதா என்பதைவிட, 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது எண் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். அதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதாக இருந்தால், இயற்கைச் சுழற்சியில் முட்டை வெளிப்படுவதற்காக எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தார்களா என்பதை நினைவில் வையுங்கள்; போட்டிருந்தால் அந்த மருந்தே சில நாட்களுக்கு இரண்டு கோடுகளைக் காட்டிவிடும். உங்களுக்குக் கொடுக்கப்படும் ப்ரோஜெஸ்டிரானையும், முடிவு எதுவாக இருந்தாலும், மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.